பொருள் தெரிந்தால் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நிகழ்ந்த இரங்கற் கூட்டமொன்றில் நாமும் கலந்துகொண்டோம். ஏழைப் பிள்ளைகள் பலரின் படிப்புக்குக் கைகொடுத்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மறைந்திருந்தார். இரங்கல் தீர்மானத்தை ஆங்கிலத்தில் எழுதிப் படிக்கும் பொறுப்பு முதுகலை மாணவர் ஒருவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. அப்பெரியவரின் உதவியால் படித்தவர்களுள் அவரும் ஒருவர். கண்கள் கலங்க எழுந்து நின்றவர், பெரியவர் மறைந்த செய்தியைக் கூறுமிடத்தில் ‘கிக்ட் த பக்கெட்’ என்னும் தொடரை உரக்கப் படித்தார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மேடையில் இருந்தோர் முகம் சுளித்தனர். மாணவருக்கோ தாம் செய்த பிழை யாதென்றே விளங்கவில்லை.

கூட்டம் முடிந்தபின் அவர் நம்மிடம் வந்தார். கையிலிருந்த தேர்வு வழிகாட்டி நூலைப் பிரித்துக் காட்டினார். அத்தொடருக்கு எதிரே ‘இறந்துபோதல்’ என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. “பொருள் சரியாகத்தானே ஐயா இருக்கிறது?” என்று கேட்டார். “தம்பி, இதே தீர்மானத்தைத் தமிழில் எழுதியிருந்தால், ‘பெரியவர் மண்டையைப் போட்டார்’ என்று எழுதியிருப்பீர்களா?” என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவர் திடுக்கிட்டு, “அஸ்தஃக்பிருல்லாஹ்” என்றார். அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயினும் அதன்பின் அவர் ஆங்கிலத்தில் பேச எம்மேடையிலும் ஏறவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் நம் மனம் வருந்துகிறது.

இக்கட்டுரைக்கு அந்நிகழ்ச்சியே காரணம். தமிழ்த்துறை மலரில் ஆங்கில மரபுத்தொடர்களுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். அவற்றை நம் மாணவர் பிழையின்றிக் கையாளுவதற்குத் தமிழறிவே துணைபுரியும் என்பது நம் கருத்து. அதனைச் சில சான்றுகளால் இங்கே விளக்க முற்படுகிறோம்.

பொருளும் வழக்கும்

சொல்லுக்குப் பொருள் உண்டு; அப்பொருளை யார், யாரிடம், எவ்விடத்தில், எத்தொனியில் சொல்வது என்னும் வரையறையும் உண்டு. முன்னதை அகராதி தரும். பின்னதை வழக்கே தரும். நம் இலக்கண ஆசிரியர்கள் இதனை நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் மரபுக்கென ஓர் இயலையே வகுத்தார். பவணந்தி முனிவர் நன்னூலில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றனைத் தகுதி வழக்காகக் கூறினார். செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கலத்துக்கு மாணவர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு.

இறப்பைக் குறிக்க நம் மொழியில் எத்தனை தொடர்கள்! காலமானார், இயற்கை எய்தினார், சிவலோக பதவி அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார், தாருல் பனாவை விட்டுத் தாருல் பகா சேர்ந்தார் என்பன ஒருபுறம். மண்டையைப் போட்டான், வாயைப் பிளந்தான் என்பன மறுபுறம். பொருள் அனைத்துக்கும் ஒன்றே. எனினும் எட்டாம் வகுப்பைத் தாண்டாத தமிழரும் இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துப் பேசமாட்டார். கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவரைத் தடுத்துவிடும்.

ஆங்கிலத்திலும் நிலை இதுவே. ‘கிக் த பக்கெட்’ என்னும் தொடர், பிரான்சிஸ் குரோஸ் என்பார் 1785இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலேயே இறத்தல் என்னும் பொருளில் இடம்பெற்றுவிட்டது. அன்று முதல் இன்று வரை அது விளையாட்டுப் பேச்சுக்கு உரியது. துக்க வீட்டுக்கு உரியதன்று. நம் வழிகாட்டி நூல்களோ அதனையும், ‘பாஸ் அவே’ என்னும் மென்மையான தொடரையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிறுத்தி, இரண்டுக்கும் ‘இறத்தல்’ என்று எழுதி முடித்துவிடுகின்றன. அரசுப் பணித் தேர்வுகளில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்வதற்கு அந்த அறிவு போதும். வாழ்க்கை அவ்வாறு நான்கு விடைகளை நம் முன் வைப்பதில்லை.

மற்றொரு தொடரைப் பார்ப்போம். மழையைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர் பலர் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றே தொடங்குவர். வானத்திலிருந்து பூனையும் நாயும் விழுவதாகக் கூறும் இத்தொடர் ஜோனதன் சுவிஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலொன்றில் வருகிறது. மேட்டுக்குடியினர் தேய்ந்த தொடர்களையே திரும்பத் திரும்பப் பேசிக் காலங்கழித்ததைக் கேலி செய்யும் நூல் அது. அன்றே கேலிக்குள்ளான தொடரை நாம் இன்றும் புதுமை என்று கருதி எழுதிக்கொண்டிருக்கிறோம். கூரை மீது படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் இத்தொடர் பிறந்தது என்று கைப்பேசிகளில் உலவும் கதைக்குச் சான்று ஏதும் இல்லை. ‘இட் ரெயின்ட் ஹெவிலி’ என்னும் எளிய வாக்கியம் எந்த ஆங்கிலேயருக்கும் குறையாகத் தோன்றாது.

பீகாரில் மோதிஹாரி என்னும் ஊரில் பிறந்து ஆங்கில உரைநடையில் பெரும்புகழ் ஈட்டிய ஜார்ஜ் ஆர்வெல், 1946இல் அரசியலும் ஆங்கிலமொழியும் குறித்து எழுதிய கட்டுரையில், அச்சில் பலமுறை கண்டு பழகிய உருவகத் தொடர்களைக் கையாள வேண்டா என்று எழுத்தாளர்களுக்கு அறிவுறுத்தினார். பொருள் அறியாமலேயே பலர் அவற்றைக் கையாளுகின்றனர் என்பது அவர் தந்த காரணங்களுள் ஒன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கே அவ்வறிவுரை தேவைப்பட்டதெனில், நம் மாணவர் தடுமாறுவதில் வியப்பென்ன?

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தமக்குள்ளேயே தடுமாறியது உண்டு. ஒரு கருத்தை ‘டேபிள்’ செய்தல் என்றால் பிரித்தானியாவில் அதனை உடனே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுதல் என்று பொருள். அமெரிக்காவிலோ அதனை ஒத்திவைத்தல் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இவ்வொரு சொல்லின் பொருட்டு நெடுநேரம் வாதிட்டதையும், இரு தரப்பினரும் விரும்பியது ஒன்றே என்பது பின்னரே தெரியவந்ததையும் வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார்.

வெயிலும் குளிரும்

மரபுத்தொடர் ஒன்றை மனப்பாடம் செய்வதைவிட, அது பிறந்த மண்ணை அறிந்துகொள்வது எளிது. நெஞ்சில் நிலைப்பதும் அதுவே. ‘மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்’ என்னும் பழமொழிக்குக் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதை நிகராகக் கூறுவது பள்ளிக்கூட வழக்கம். நிகர் என்பது உண்மையே. ஆனால் ஆங்கிலேயர் ஏன் வெயிலைச் சொன்னார், தமிழர் ஏன் காற்றைச் சொன்னார் என்று யாரும் வினவுவதில்லை. இங்கிலாந்தில் வெயில் அரிய பொருள். அறுத்த புல் மழையில் நனைந்தால் அழுகிவிடும். கால்நடைகளுக்குக் குளிர்காலத் தீவனம் இராது. ஆகவே வெயில் காயும் சில நாள்களுக்குள் புல்லை உலர்த்தி வைக்க வேண்டும். நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. களத்தில் பொலியைத் தூற்றும் உழவர் எதிர்பார்த்து நிற்பது காற்றை. இரு பழமொழிகளும் ஒரே அறிவுரையைத் தருகின்றன. ஒவ்வொன்றும் தன் நாட்டில் அரிதாகக் கிடைப்பதைக் கொண்டு தருகிறது.

இவ்வொரு திறவுகோலைக் கையில் கொண்டால் பல பூட்டுகள் திறக்கும். குளிர்நாட்டார்க்கு வெம்மை இன்பம் தருவது. எனவே அன்புள்ளம் ‘வார்ம் ஹார்ட்’ ஆகிறது. நல்வரவேற்பு ‘வார்ம் வெல்கம்’ ஆகிறது. புறக்கணிப்பு ‘கோல்டு ஷோல்டர்’ ஆகிறது. நமக்கோ குளிர்ச்சியே இன்பம். மனம் குளிர்கிறது, கண் குளிரக் காண்கிறோம், வயிறு குளிர வாழ்த்துகிறோம். துன்பமும் பொறாமையும் வயிற்றெரிச்சலாகின்றன. ‘வார்ம் வெல்கம்’ என்பதைச் ‘சூடான வரவேற்பு’ என்று ஒருவர் மொழிபெயர்த்தால், வந்த விருந்தினர் அடி வாங்கிச் சென்றார் என்றே தமிழர் பொருள் கொள்வர்.

இங்கே நம் சமுதாய இளைஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. திருக்குர்ஆனில் அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 74ஆம் வசனம், நல்லடியார்கள் தம் துணைவியரையும் மக்களையும் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்கித் தருமாறு இறைவனிடம் வேண்டுவதைக் கூறுகிறது. பாலைநிலத்து அரபுமொழிக்கும் குளிர்ச்சியே இன்பம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அப்துல்லாஹ் யூசுஃப் அலீ அவர்கள் இவ்விடத்தில் குளிர்ச்சி என்னும் சொல்லை விடுத்து, ஆறுதல் என்று பொருள்படும் சொல்லை ஆண்டார். ஆங்கிலக் காதுக்கு அதுவே பொருந்தும் என்று அவர் கருதியிருத்தல் வேண்டும். தமிழில் மொழிபெயர்த்தோர்க்கு அந்த இடர்ப்பாடு இல்லை. கண்குளிர்ச்சி என்னும் சொல் நம் வீட்டு முற்றத்திலேயே ஆயத்தமாக இருந்தது. வெயில் நாட்டு மொழிகள் இரண்டு கைகோத்துக்கொண்ட காட்சியை அந்த ஒரு சொல்லில் காணலாம்.

கடலும் வேதமும்

ஆங்கிலேயர் தீவில் வாழ்பவர். பாய்மரக் கப்பலால் உலகைச் சுற்றியவர். அவர்தம் அன்றாடப் பேச்சில் உப்புக்காற்று வீசுகிறது. திகைத்து நிற்பதை ‘டேக்கன் அபேக்’ என்பர். எதிர்க்காற்று பாயைப் பாய்மரத்தோடு சேர்த்து அழுத்த, கப்பல் செயலற்று நிற்கும் நிலையைக் குறித்த மாலுமிச் சொல் அது. ‘பொதுவாகப் பார்த்தால்’ என்னும் பொருளில் வழங்கும் ‘பை அண்ட் லார்ஜ்’ என்பதும் காற்றை எதிர்த்தும் காற்றோடு இசைந்தும் கப்பல் செலுத்துவதைக் குறித்த தொடரே. கடற்கரை ஊர்களில் பிறந்த நம் மாணவர்க்கு இது புதிதாகத் தோன்றலாகாது. கவலையுற்றவரைக் ‘கப்பல் கவிழ்ந்தாற்போல’ அமர்ந்திருக்கிறார் என்கிறோம். குமர்களைக் ‘கரையேற்ற’ வேண்டும் என்கிறோம். அயல்நாடு சென்று பொருளீட்டுவோரைச் ‘சபராளிகள்’ என்கிறோம். கடலோடிகளின் பேரப்பிள்ளைகளுக்குக் கடலோடிகளின் ஆங்கிலம் அச்சம் தருவானேன்?

ஆங்கில மரபுத்தொடர்களின் மற்றொரு பெருஞ்சுரங்கம் விவிலியம். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பு ஆங்கிலப் பேச்சில் ஊறிப்போயிற்று. வரவிருக்கும் அழிவின் அறிகுறியை ‘ரைட்டிங் ஆன் த வால்’ என்பர். பாபிலோனில் அரசன் பெல்சாத்சார் விருந்தில் திளைத்திருந்தபோது, கையொன்று தோன்றிச் சுவரில் அவன் வீழ்ச்சியை எழுதியதாகத் தானியேல் ஆகமம் கூறுகிறது. இவ்வரலாறு தெரியாத மாணவர் ‘சுவரெழுத்து’ என்று மொழிபெயர்ப்பின், படிப்போர்க்குத் தேர்தல் விளம்பரமே நினைவுக்கு வரும்.

சில தொடர்கள் நமக்கும் உறவானவை. ‘பேஷன்ஸ் ஆஃப் ஜோப்’ என்று அவர்கள் கூறுவதைத்தான் ‘ஐயூப் நபியின் பொறுமை’ என்று நம் பாட்டிமார் கூறுகின்றனர். ஊசியின் காதில் ஒட்டகம் நுழைதல் என்னும் உவமை மத்தேயு சுவிசேஷத்திலும் உண்டு. திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம் 40ஆம் வசனத்திலும் உண்டு. முன்னது செல்வர் விண்ணரசில் புகுவதன் அருமையைச் சுட்டுகிறது. பின்னது இறைவசனங்களைப் பொய்யெனக் கூறிச் செருக்குற்றோர் சுவனம் புகாமையைச் சுட்டுகிறது. உவமை ஒன்று, ஆட்சி இரண்டு. வழக்கறிதலின் தேவைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம்மை நெருடும் தொடர் ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுவோம். ‘மலை முஹம்மதிடம் வராவிடின் முஹம்மது மலையிடம் செல்வார்’ என்னும் பொருள்படும் தொடர் ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்குகிறது. பிரான்சிஸ் பேக்கன் துணிச்சலைப் பற்றி எழுதி 1625இல் வெளியான கட்டுரையில் இக்கதை வருகிறது. மலையைத் தம்மிடம் அழைத்து, அது வராதபோது சற்றும் நாணாமல் தாமே அதனிடம் செல்வதாகக் கூறியவராக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அவர் காட்டுகிறார். திருக்குர்ஆனிலோ நபிமொழித் தொகுப்புகளிலோ இத்தகைய நிகழ்ச்சி இல்லை. இன்று இத்தொடரைக் கூறும் ஆங்கிலேயர் பெரும்பாலோர் கதையையும் அறியார், இகழவும் கருதார். ‘அவர் வராவிட்டால் நாம் போவோம்’ என்பதே அவர் கருத்து. ஆதலின் கேட்டவுடன் சினங்கொள்ளுதல் வேண்டா. பொருள் அறிந்து அமைதியாக விடையளித்தல் போதும். ஆயின் நாமே அதனைக் கையாளத் தேவையில்லை. தாகம் எடுத்தவன்தான் கிணற்றைத் தேடிப் போகவேண்டும் என்று நம்மூர் வழக்கிலேயே சொல்லிவிடலாம்.

தமிழில் புகும் பிழைகள்

ஆங்கிலத் தொடர்கள் தமிழுக்கு வரவே கூடாது என்பது நம் கட்சியன்று. ‘பச்சைக்கொடி காட்டுதல்’ நம்மிடம் வேரூன்றிவிட்டது. புகைவண்டி நிலையத்தில் பச்சைக்கொடியை நாமும் கண்டிருக்கிறோம் அன்றோ? ‘தேனிலவு’ம் ‘பனிப்போரு’ம் நம் சொற்களாகிவிட்டன. வாழ்வில் கண்ட பொருளும் காதுக்கு இனிய ஓசையும் இருப்பின் தமிழ் எதனையும் ஏற்கும். அரபு நாட்டைப் பாடவந்த உமறுப் புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் மழையும் ஆறும் வயலும் நிறைந்த தமிழ்நிலத்தையே தீட்டிக் காட்டினார். அயல் வாழ்வைத் தமிழ் வாழ்வாக மாற்றித் தரும் ஆற்றல் அது.

இன்று நடப்பதோ சொல்லுக்குச் சொல் பெயர்த்தல். கல்லூரி விழாக்களில் நன்றியுரை கூறுவோர் ‘இறுதியாக, ஆனால் குறைவாக அல்ல’ என்று தொடங்குவதைக் கேட்கிறோம். ‘லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்’ என்பதன் எலும்புக்கூடு அது. ‘முடிவாகப் பார்த்தால்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நாளின் இறுதியில்’ என்கின்றனர். பொழுது சாய்ந்தபின் ஏதோ நடந்தது போலும் என்று கேட்போர் மயங்குகின்றனர்.

இவை சிரித்துவிட்டு மறக்கத்தக்கவை. அவ்வாறு மறக்க முடியாத ஒன்றும் உண்டு. ரமலான் மாதத்தில் நடைபெறும் இஃப்தார் நிகழ்ச்சி பற்றிய செய்தியொன்றில், வந்திருந்தோர் ‘நோன்பை முறித்தனர்’ என்று எழுதியிருக்கக் கண்டோம். ஆங்கிலத்தில் ‘பிரேக் த ஃபாஸ்ட்’ என்பது முறைப்படி நிறைவு செய்வதற்கும் வழங்கும். இடையில் கெடுத்துவிடுவதற்கும் வழங்கும். தமிழ் முஸ்லிம்களின் வழக்கு இரண்டையும் பிரித்து வைத்துள்ளது. மாலையில் பாங்கு ஒலித்தபின் செய்வது ‘நோன்பு திறத்தல்’. காரணமின்றிப் பகலில் உண்டு கெடுப்பதே ‘நோன்பை முறித்தல்’. முன்னது வணக்கம், பின்னது குற்றம். எழுதியவர் தீங்கு கருதவில்லை. ஆங்கிலத் தொடரின் பொருளை அவர் அறிந்திருந்தார். தமது பக்கத்து வீட்டாரின் தமிழை அறியவில்லை. நம் வீட்டு மாணவர்களே அவ்வாறு எழுதத் தொடங்கியிருப்பதுதான் நமக்குக் கவலை தருகிறது.

செய்யத்தக்கவை

1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது கல்லூரியும், சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றியபோது, நம் பிள்ளைகள் உயர்கல்வியும் ஆங்கிலமும் பெற்று யார்க்கும் தாழாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதே முன்னோர் வேட்கையாயிருந்தது. அவ்வேட்கை நிறைவேற ஆங்கிலம் கற்றேயாக வேண்டும். அதனைக் கற்கும் முறையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். மரபுத்தொடர்க் குறிப்பேட்டில் தொடர், பொருள் என்னும் இரண்டு பத்திகளோடு நில்லாது மேலும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் யாரிடம் எந்நிலையில் கூறுவது என்பது மூன்றாவது. அதே தொனியில் உங்கள் வீட்டில் வழங்கும் தமிழ்த்தொடர் நான்காவது. நான்காம் பத்தி நிரம்பாத எத்தொடரையும் மேடையில் கையாளாதீர்கள். எளிய சொல்லால் கூறுவது இழுக்கன்று; இடமறியாது கூறுவதே இழுக்கு.

அந்நான்காம் பத்திக்குரிய செல்வம் நம் உம்மாமாரிடமும் பாட்டிமாரிடமும் இருக்கிறது. பெரியோர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளிடம் அந்தத் தமிழையே பேச வேண்டும். ‘பசியாறினாயா’ என்று கேட்கும் வீட்டில், உண்ணுதலுக்கும் பசி தீர்தலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் கிழமைக்கு ஒரு மணிநேரம் ஒரே வகுப்பில் அமர்ந்து இத்தொடர்களை இருமுனையிலிருந்தும் நடத்தலாம். இதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாணவர் வழக்குத் தவறிப் பேசும்போது அவையில் எழும் சிரிப்பை நாம் முதலில் அடக்க வேண்டும். அன்று அந்த இரங்கற் கூட்டத்தில் அம்மாணவரின் கண்ணீரில் பிழையில்லை, சொல்லில்தான் பிழை. அதனைத் திருத்த ஒரு தமிழ்த்தொடர் போதுமானதாக இருந்தது. அவையிலேயே யாரேனும் எழுந்து அதனை அன்போடு எடுத்துரைத்திருந்தால், அவர் இன்றும் மேடையேறிப் பேசிக்கொண்டிருப்பார். அவ்வாறு எழுந்து சொல்லாதவர்களுள் நாமும் ஒருவர்.